அந்தச் சின்னக் கல்: அனிமேஷன் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமேஷன் தொடர்களின் ரசிகர்களுக்கு,

2010இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தின் சிறை முகாம் காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணை ஆளும் கலை தெரிந்த ஐந்தாறு பேர் வரிசையாக நின்று தரையை உதைக்கிறார்கள், கைகளை வீசுகிறார்கள், சுழன்று திரும்புகிறார்கள். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பலனாக ஒரே ஒரு கல், கோயில் தேர் போலப் பொறுமையாக மிதந்து திரையைக் கடக்கிறது. படம் வந்த நாளிலிருந்து இந்தக் காட்சியை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தக் கல் ஏன் அப்படி நகர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு கார்ட்டூனை நடிகர்களை வைத்து லைவ் ஆக்‌ஷனாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததுமே உங்களுக்குள் எழும் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அந்தச் சந்தேகம் கேட்கிற கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். உங்களுக்கு விழுந்த சூடு ஒன்றிரண்டு இல்லை. 2009இல் ஹாலிவுட் எடுத்த 'டிராகன்பால் எவல்யூஷன்' எவ்வளவு மோசம் என்றால், அதற்குத் திரைக்கதை எழுதிய பென் ராம்சே ஏழு ஆண்டுகள் கழித்து ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே 15 கோடி டாலர் செலவில் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படம், ஆண்டின் மிக மோசமான படம் என்பது உட்பட ஐந்து ராஸ்பெரி பரிசுகளையும் சேர்த்து வாங்கியது. அடுத்த பாகம் வரவே இல்லை. 2017இல் 'கோஸ்ட் இன் தி ஷெல்', அதே ஆண்டில் நெட்ஃபிளிக்ஸின் 'டெத் நோட்'. 2021 நவம்பர் 19 அன்று வெளியான 'கௌபாய் பீபாப்' தொடரை, மூன்று வாரம் நிறைவதற்குள் நெட்ஃபிளிக்ஸே ரத்து செய்தது. இத்தனையும் பார்த்தவர்கள் அடுத்த அறிவிப்பைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒரு ட்ரெய்லர் வந்த கையோடு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பழைய தொடரின் ஒரு ஃபிரேமையும் புதியதின் ஒரு ஃபிரேமையும் அருகருகே வைத்துப் பார்க்கிறீர்கள். தலைமுடியின் நிறம், கோட்டின் வெட்டு, நெற்றியில் உள்ள நீல அம்புக்குறியின் அகலம். ஒத்துப்போனால் பாதி நிம்மதி, ஒத்துப்போகாவிட்டால் துரோகம். இந்த அளவுகோலைப் பட நிறுவனங்கள் உங்களைவிட நன்றாகப் படித்துவைத்திருக்கின்றன. சோனிக் என்ற நீல முள்ளெலி வீடியோ கேமில் பிறந்து கார்ட்டூனிலும் வளர்ந்தது. அது 2019 ஏப்ரலில் மனிதப் பல்வரிசையோடு ட்ரெய்லரில் வந்து நின்றபோது நீங்கள் போட்ட கூச்சலில், உருவத்தையே மாற்றி அமைத்தார்கள். நவம்பரில் வர வேண்டிய படம் அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படமும் நன்றாக ஓடியது. அது உங்கள் வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் ரசிகர்களின் வாயை அடைக்க உருவ ஒற்றுமை போதும் என்ற பாடத்தையும் அன்றைக்கு நீங்களே நடத்திவிட்டீர்களோ என்று எனக்கு ஓர் ஐயம். உருவ ஒற்றுமை காசு கொடுத்தால் கிடைக்கும் சரக்கு.

'கௌபாய் பீபாப்'பில் அந்தச் சரக்கை மொத்தக் கொள்முதலே செய்தார்கள். நாயகன் ஸ்பைக்கின் நீலக் கோட்டு இருந்தது. விண்கலம் இருந்தது. 1998இன் மூலத் தொடருக்கு இசையமைத்த யோகோ கன்னோவே திரும்ப வந்தார். டைட்டில் இசைகூட அதேதான், அதன் காட்சிகளும் கிட்டத்தட்ட அதே வெட்டில். வராமல் போனது மௌனம். ஷினிச்சிரோ வதனபே இயக்கிய 26 எபிசோடுகளிலும் யாரும் எதுவும் பேசாமல் கழிகிற நேரம் நிறைய. பசியோடு படுத்திருப்பார்கள், சிகரெட் புகையும், வெளியே ஏதோ ஒரு கிரகம் சுழலும். கடந்த காலத்தை வாய்விட்டுச் சொல்ல மறுப்பவர்களின் கதை அது. விஷியஸ் என்ற வில்லன் மூலத்தில் ஒரு சில எபிசோடுகளில் மட்டும் தலைகாட்டுவான். அவனைப் பற்றி நமக்குத் தெரியாதது அதிகம் என்பதால்தான் அவனைக் கண்டு பயம். புதிய தொடரில் அவனுக்கும் ஸ்பைக்கின் பழைய காதலி ஜூலியாவுக்கும் தனியாக ஒரு குடும்ப நாடகமே ஓடியது. அருகருகே வைத்த படங்களில் மௌனம் தெரியாது, அதனால் ட்ரெய்லரைப் பார்த்து யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை.

இனி கல்லுக்கு வருவோம். அந்தப் படத்தின் மூலத் தொடரான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் 61 எபிசோடுகளாக வந்தது. அதைப் படைத்த மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் சிஃபு கிசு என்ற தற்காப்புக் கலை ஆசானைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். நீருக்குத் தாய் ச்சி, மண்ணுக்கு ஹங் கர், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பா குவா என்று நான்கு பூதங்களுக்கும் நான்கு சீன முறைகள். அந்த அசைவுகளைத் தென்கொரிய ஸ்டூடியோக்களில் வரைந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மனிதனும் பாறையும் ஒரே கோட்டால் ஆனவை. குதிகால் தரையில் இறங்குகிற அதே நொடியில் பாறை துள்ளும். உடம்பின் கனம் அப்படியே பாறைக்குள் போய்விட்டதாகக் கண் நம்பிவிடும். கேமரா முன்னால் நிற்கும் நடிகருக்கு அந்த வசதி கிடையாது. அவர் வெறும் காற்றை உதைக்கிறார். பல மாதம் கழித்து வேறொரு ஊரில் கிராபிக்ஸ் கலைஞர் ஒருவர் பாறையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். அசைவுக்கும் விளைவுக்கும் நடுவே விழுகிற அந்த இடைவெளியைப் படத்தொகுப்பாலோ ஒலியாலோ கேமராவின் நகர்வாலோ அடைப்பதுதான் லைவ் ஆக்‌ஷன் இயக்குநரின் தலையாய வேலை. 2010 படம் அந்தக் காட்சியை வெட்டில்லாத நீளமான ஷாட்டாக எடுத்து, இடைவெளியை எல்லோரும் பார்க்கும்படி விரித்துவைத்தது. அசைவுகள் என்னவோ சண்டைக்கலை அசைவுகள்தான். உங்கள் அளவுகோலின்படி அந்தக் காட்சிக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட்டாக வேண்டும்!

அதே காட்சியில் இன்னொரு கோளாறு, எனக்கு அது கல்லைவிடப் பெரிதாகப் படுகிறது. மூலத்தில் நெருப்பு நாட்டார் மண்ணை ஆள்பவர்களைக் கடல் நடுவே, முழுக்க உலோகத்தால் ஆன மேடையில் அடைத்துவைப்பார்கள். காலுக்கடியில் ஒரு பிடி மண் கிடையாது. நாயகர்களில் ஒருத்தியான கட்டாரா அவர்களை எழுந்து போராடச் சொல்லி ஆவேசமாகப் பேசுவாள்; ஒருவரும் அசைய மாட்டார்கள். அங்கே எரிபொருளாக இருக்கும் நிலக்கரியும் மண்ணுக்குள்ளிருந்து வந்ததுதானே என்று பிறகு அவள் அண்ணன் சொக்காவுக்குப் பொறி தட்டும். அதைக் காற்றுக்குழாய் வழியாக மேலே கொண்டுவந்து குவித்த பிறகும் கைதிகள் தயங்கி நிற்பார்கள். அடிமைத்தனம் மனத்தை எப்படி முடக்கும் என்பதை, குழந்தைகளுக்கான தொடரில், இருபது சொச்ச நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். படத்தில் அதே கைதிகள் மண் தரையில் நிற்கிறார்கள். சுற்றிலும் பாறை. உங்கள் காலடியில் மண் இருக்கிறதே என்று நாயகன் ஆங் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. கைதிகள் உண்டு, காவலர்கள் உண்டு, வீர உரை உண்டு. மூலத்தின் நிகழ்ச்சிகளைப் பட்டியல் போட்டுச் சரிபார்க்கிறவர் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே போகலாம். அந்த நிகழ்ச்சிகள் ஏன் அப்படி நடந்தன என்ற காரணம் மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இருபது எபிசோடுகளை 103 நிமிடத்தில் அடைத்தால் அப்படித்தான் ஆகும் என்பீர்கள். நேரம்தான் நோய் என்றால், 2024 பிப்ரவரி 22 அன்று வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் அது குணமாகியிருக்க வேண்டும். எட்டு எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் மூலத்தின் முதல் சீசனுக்குக் கிட்டத்தட்டச் சமம். நடிகர்கள் பொருத்தம், உடைகளிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ஆங்கின் இனமான காற்று நாடோடிகள் அழிக்கப்பட்டதை நாம் பார்க்கவே மாட்டோம். மூன்றாவது எபிசோடில், ஆங் தான் வளர்ந்த பழைய கோயிலுக்குப் போவான். ஓர் அறையில் அவன் ஆசான் கியாட்சோவின் எலும்புக்கூடு சாய்ந்திருக்கும், சுற்றிலும் நெருப்பு நாட்டு வீரர்களின் கவசங்கள். அந்தக் கிழவர் எத்தனை பேரோடு போராடி விழுந்தார் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆங் அன்றைக்குக் கோயிலில் இல்லாமல் போனது ஏன் என்பதோ பன்னிரண்டாவது எபிசோடில்தான் தெரியவரும்: நான்கு பூதங்களையும் ஆள வேண்டிய அவதார் தான்தான் என்பதும், ஆசானிடமிருந்து பிரிக்கப்போகிறார்கள் என்பதும் தெரிந்து அவன் ஓடிப்போனவன். புதிய தொடர் முதல் எபிசோடிலேயே அந்தப் படுகொலையை முழுசாகக் காட்டிவிடுகிறது. ஆங்கும் ஓடிப்போகவில்லை, மனசு சரியில்லை என்று சற்று நேரம் பறந்துவிட்டு வரக் கிளம்பியவன் புயலில் சிக்கிக்கொள்கிறான். ஓடிப்போன சிறுவனுக்கு நூறாண்டுக் குற்றவுணர்ச்சி இருக்கிறது. காற்று வாங்கப் போனவனுக்கு இருப்பது துரதிர்ஷ்டம்.

பார்த்தீர்களா, மாற்றினால் இப்படித்தான் என்று அவசரப்படாதீர்கள். அதே தொடரில் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கைத் துரத்தும் நெருப்பு நாட்டு இளவரசன் ஸுக்கோ, 41ஆம் படைப்பிரிவின் புது வீரர்களைப் பலிகொடுக்கத் தளபதிகள் திட்டமிட்டதை எதிர்த்துப் பேசியதற்காகத்தான் தந்தையிடம் முகத்தில் சூடு வாங்கி நாடுகடத்தப்பட்டான். இது பழைய கதை. அவனோடு கப்பலில் அனுப்பப்பட்டவர்களே அந்த 41ஆம் பிரிவு வீரர்கள்தான் என்பது புதிய தொடரின் கற்பனை. எரிச்சல்கொண்ட ஒரு சிறுவனுக்குக் கீழே வேண்டாவெறுப்பாக வேலை பார்க்கும் கூட்டம், தாங்கள் உயிரோடு இருப்பதே அவனால்தான் என்று அறியும் அந்த இடம், மூலத்தின் ரசிகர்களே மனம்விட்டுப் பாராட்டிய இடம். ஆங்கின் கதையிலும் மாற்றம், ஸுக்கோவின் கதையிலும் மாற்றம். ஒன்று பாத்திரத்தின் பாரத்தை இறக்கிவைத்தது, மற்றது பாரத்தைக் கூட்டியது. 'அப்படியே இருக்கிறதா?' என்ற உங்கள் கேள்வி இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் தரும்: பூஜ்யம். சொக்காவின் ஆணாதிக்கப் பேச்சைக் குறைத்துவிட்டோம் என்று நடிகர்கள் பேட்டியில் சொன்னபோது நீங்கள் கோபப்பட்டது சரி, ஆனால் 'மூலத்தில் இருந்ததை எடுத்துவிட்டார்கள்' என்று வாதாடியது பலவீனமான வாதம். நான்காவது எபிசோடில் சுக்கி என்ற வீராங்கனையிடம் அடிவாங்கி, தலைகுனிந்து, அவளிடமே பாடம் கேட்க அவனுக்கு முதலில் அந்த மண்டைக்கனம் வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான வாதம்.

இந்த வித்தியாசத்தை 'ஒன் பீஸ்' இன்னும் தெளிவாகக் காட்டியது. எய்ச்சிரோ ஓடா 1997இல் தொடங்கிய மாங்கா, 1999 முதல் அனிமே, 2023 ஆகஸ்டு 31 அன்று எட்டு எபிசோடுகளாக லைவ் ஆக்‌ஷன். நீளும் ரப்பர் கைகளைக் கொண்ட லூஃபியை நடிகரை வைத்து எடுக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லாதவர்கள் உங்களில் யாரும் இல்லை. அதில் மாற்றங்கள் கொஞ்சமா? லூஃபியின் தாத்தா என்று மூலத்தில் வெகுகாலம் கழித்தே தெரியவரும் கார்ப், இங்கே தொடக்கம் முதலே துரத்துகிறார். கடற்கொள்ளையன் டான் கிரீக்கின் பெரும் சண்டை ஏறத்தாழ இல்லாமலே போனது. ஆனாலும் கொண்டாடினீர்கள், இரண்டு வாரத்தில் அடுத்த சீசனுக்கும் அறிவிப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நிஜக் கப்பல்களைக் கட்டி, நடிகர்கள் கால் ஊன்றி நிற்க மரப்பலகை கொடுத்தார்கள். ஓடாவின் உலகத்துக் கோமாளித்தனத்தைப் பார்த்து யாரும் வெட்கப்படவில்லை. நத்தையைத் தொலைபேசியாக வைத்துக்கொண்டு முகம் மாறாமல் பேசினார்கள். ஜப்பானியர்களே எடுத்த 'ருரோனி கென்ஷின்' படங்கள் 2012 முதல் ஐந்து வந்ததற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. சண்டைக் காட்சிகளை அமைத்த கென்ஜி தனிகாகி, வரைந்த வேகத்துக்கு ஈடாக நடிகரின் ஓட்டத்தையும் சறுக்கலையும் வைத்தார். கோட்டைப் படியெடுக்க முயலாமல், கோடு செய்த வேலையை உடம்பிடம் ஒப்படைத்தார்.

'அப்படியானால் மூலப் படைப்பாளி கூட இருந்தால் போதும்' என்று இங்கே ஒரு மறுப்பு வரும். ஓடா விஷயத்தில், தனக்கு நிறைவாகும்வரை தொடரை வெளியிடுவதில்லை என்ற உறுதி கிடைத்திருந்ததாக அவரே அறிவித்தார். ஆனால் பெயர் இருப்பது வேறு, அதிகாரம் இருப்பது வேறு. டிமார்ட்டினோவும் கொனியெட்ஸ்கோவும் 2010 படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்கள் என்று டைட்டிலில் இருக்கிறது. 'டிராகன்பால்' திரைக்கதையைப் பார்த்து அகிரா டோரியாமா எச்சரித்தார், கேட்பாரில்லை. 'பீபாப்'பின் முதல் காட்சியைத் தாண்டித் தன்னால் பார்க்க முடியவில்லை என்று வதனபே பின்னர் சொன்னார். அவர் பெயரும் ஆலோசகராக இருந்ததுதான். நெட்ஃபிளிக்ஸின் 'அவதார்' 2018இல் அறிவிக்கப்பட்டபோது அதன் இரு படைப்பாளிகளும் பொறுப்பில் இருந்தார்கள். 2020இல் கருத்து வேறுபாட்டால் விலகிவிட்டார்கள். ட்ரெய்லருக்கு முன்பே உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கோட்டின் நிறத்தை விட்டுவிட்டு, இறுதி முடிவு யார் கையில் என்று விசாரியுங்கள்.

உருவ ஒற்றுமை முக்கியமில்லை என்றால் 2008, 2009இல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தின் நடிகர் தேர்வை எதிர்த்துக் கடிதம் கடிதமாக எழுதினோமே, அதுவும் வீணா என்று மூத்த ரசிகர்கள் கேட்கக்கூடும். இல்லை. இனூயிட், திபெத்திய, சீன, ஜப்பானிய வாழ்க்கையிலிருந்து உடையும் உணவும் எழுத்தும் எடுத்து நெய்த உலகம் அது. சுவரில் தொங்கும் அறிவிப்பில்கூட ஒழுங்கான சீன எழுத்து இருக்க வேண்டும் என்று தனியே ஒரு கையெழுத்துக்கலை வல்லுநரை வைத்திருந்தார்கள். அந்த உலகத்தின் முதன்மை வேடங்கள் நான்கையும் முதலில் வெள்ளை நடிகர்களுக்கே கொடுத்தார்கள். பிறகு ஸுக்கோ வேடம் தேவ் படேலுக்குப் போனது. அதனால் நாயகர்கள் வெள்ளையாகவும் துரத்துகிறவர்கள் பழுப்பாகவும் ஆனார்கள். இயக்கிய எம். நைட் ஷியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். ஆசிய உச்சரிப்புக்கு மரியாதை தருவதாகச் சொல்லி ஆங்கை 'ஓங்' என்று படம் முழுக்கக் கூப்பிட வைத்தவரும் அவர்தான். பெயருக்குக் கிடைத்த ஆசிய மரியாதை முகத்துக்குக் கிடைக்கவில்லை. அன்று நீங்கள் மூக்கின் நீளத்தை அளக்கவில்லை. அந்த உலகம் எதனால் ஆனது என்று கேட்டீர்கள். நான் கேட்கச் சொல்வதும் அதைத்தான்.

சரியான கேள்வியைக் கேட்டு எடுத்தால் படம் ஓடிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. 1967இன் ஜப்பானியத் தொடரை வச்சோவ்ஸ்கிகள் 2008இல் 'ஸ்பீட் ரேசர்' ஆக்கியபோது, கார்ட்டூனில் முன்புறமும் பின்புறமும் ஒரே கூர்மையில் தெரிவதைப் படத்துக்கும் கொண்டுவந்தார்கள். வண்ணங்களை மிட்டாய்க் கடை போலக் கொட்டினார்கள். 12 கோடி டாலர் போட்டு அதைக்கூடத் திரும்ப எடுக்க முடியவில்லை. விமர்சகர்கள் கண் வலிக்கிறது என்றார்கள். இன்று அதைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். உங்கள் முன்கூட்டிய சந்தேகம் ஒரு நல்ல படத்தையும் சேர்த்துக் கொன்ற சந்தர்ப்பம் அது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: மூலம் எங்கேயும் போய்விடவில்லையே, பிடிக்காவிட்டால் பழையதையே பாருங்கள். வட்டு அழியாது, சரி. ஆனால் வரைந்தது ஏதோ முதல் வரைவு, நடிகர்கள் வந்தால்தான் அது முழுமை பெறும் என்ற எண்ணம் ஒவ்வோர் அறிவிப்போடும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அனிமேஷனைத் தமிழில் அசைவூட்டம் என்கிறோம், உயிரூட்டம் என்றும் சொல்கிறோம். உயிரூட்டியதை எடுத்து மறுபடி 'லைவ்' ஆக்குகிறார்களாம்! 2019இன் 'தி லயன் கிங்'கில் நிஜமாகப் படம்பிடித்த ஷாட் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கணினியில் செய்தது. கோல்டன் குளோபில் அது அனிமேஷன் பிரிவில்தான் போட்டியிட்டது. இருந்தும் லைவ் ஆக்‌ஷன் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது, அந்தப் பெயருக்கு ஒரு படி மேலான மரியாதை இருப்பதால். அச்சுப்பிசகாமல் அப்படியே எடு என்று நீங்கள் கேட்கும்போதும் இதே எண்ணத்துக்குத்தான் தலையாட்டுகிறீர்கள்: வரைந்ததற்கு நிஜத்தின் சான்றிதழ் வேண்டும் என்கிறீர்கள். நெட்ஃபிளிக்ஸை விட்டு வந்த டிமார்ட்டினோவும் கொனியெட்ஸ்கோவும் 2021இல் நிக்கலோடியனோடு சேர்ந்து 'அவதார் ஸ்டூடியோஸ்' தொடங்கினார்கள். அனிமேஷன் எடுக்க.

அடுத்த ட்ரெய்லர் எப்படியும் வரும். இந்த முறை பழைய படத்தைப் பக்கத்தில் வைக்காமல் பாருங்கள். குதிகால் தரையில் இறங்கும் நொடியில் கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்